நாம் கட்டும் பணம் யாருக்கு? - அரச ஆசிரியர்களும் இயலாமைக்கான ஓய்வூதிய உரிமையும்

மாதம் முடிந்து பே சிலிப் கைக்கு வந்ததும் எம்மில் பலர் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கவலை. நடுவில் உள்ள கழிவுகளை யாரும் ஊன்றிப் பார்ப்பதில்லை. அவற்றில் ஒரு வரி 'டப்ளியூ அன்ட் ஓ.பி.' என்றிருக்கும். அது என்ன என்று எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் ஒருநாள் கேட்டேன். எட்டுப் பேரில் ஆறு பேர், "அது எங்கட பென்ஷனுக்குக் கட்டுற காசு" என்றார்கள்.

அது தவறு. நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடங்கள் படித்தோம். உளவியல், கற்பித்தல் முறை, மதிப்பீடு எல்லாம் சொல்லித் தந்தார்கள். நாளை எனக்கு கை, கால் விழுந்தால் என்ன நடக்கும், இயலாத பிள்ளை ஒன்றை விட்டுவிட்டு நான் மௌத்தானால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மாத்தளை மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களுக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் நான் இவற்றைத் தேடிப் படித்தேன். அவர்களுடைய பெயர்களையும் ஊர்களையும் சொல்லப் போவதில்லை. இப்படிப்பட்ட குடும்பம் மாத்தளை நகரிலும் இருக்கும், உக்குவளையிலும் இருக்கும், கலேவலையிலும் இருக்கும்.

இரண்டு உரிமைகள், இரண்டு வழிகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரச ஊழியருக்கு ஓய்வூதியம் தொடர்பாக இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் உள்ளன.

ஒன்று, ஊழியருக்கே கிடைக்கும் ஓய்வூதியம். இது ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி வழங்கப்படுகிறது. ஓய்வூதிய உரித்துள்ள நிரந்தர நியமனம் பெற்றவர்களுக்கு இது அரசாங்கத்தின் பணத்திலிருந்து கொடுக்கப்படுகிறது. இதற்காக எமது சம்பளத்திலிருந்து சதம் ஒன்றும் கழிக்கப்படுவதில்லை.

மற்றது, விதவைகள், தபுதாரர்கள், அநாதைகள் ஓய்வூதியம். பே சிலிப்பில் கழிபடுவது இதற்குத்தான். ஆண் ஊழியர்களுக்கான திட்டம் 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் வந்தது. பெண் ஊழியர்கள் 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின் மூலமே இதற்குள் வந்தார்கள். அதாவது 85 வருடங்களாக ஒரு பெண் ஆசிரியையால் தன் பிள்ளைகளுக்கு இந்த வழியில் ஓய்வூதியம் விட்டுச் செல்ல முடியவில்லை. இன்று முடியும். ஆனால், "நான் பொம்பளதானே, என்ட பென்ஷன் என்னோட முடிஞ்சிரும்" என்று சொல்லும் டீச்சர்மார் இன்னும் இருக்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நாம் கட்டும் பணம் நமக்கல்ல. நம் கண் மூடிய பிறகு நம்மை நம்பி இருப்பவர்களுக்கு. இந்த வேறுபாடு புரிந்தால் இயலாமை என்ற விடயமும் இரண்டாகப் பிரிந்து தெளிவாகும். ஊழியருக்கே இயலாமை வந்தால் முதலாவது வழி. ஊழியரின் பிள்ளைக்கு இயலாமை இருந்தால் இரண்டாவது வழி.

கணித சேருக்கு நடந்தது

எனக்குத் தெரிந்த ஒரு சேர் கணிதம் கற்பித்தவர். 17 வருட சேவை. சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் வுழூ எடுக்கும் இடத்திலேயே விழுந்தார். பாரிசவாதம். வலது பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சும் குழறியது.

நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஹோர்லிக்ஸ் கொண்டு போனோம், துஆ கேட்டோம். செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் செய்யவில்லை. அவர் சார்பில் ஒரு கடிதம் எழுதவில்லை.

ஆசிரியருக்கு வருடத்துக்கு 41 நாள் லீவு. அது கரைய அதிக நாள் எடுக்கவில்லை. அதன் பிறகு மருத்துவச் சான்றிதழ் ஒழுங்காகப் போகவில்லை. வீட்டார் பயந்தார்கள். "இயலாது என்று எழுதிக் கொடுத்தால் வேலையை விட்டு நிப்பாட்டிப் போடுவாங்க. பேசாம இருப்போம், இன்ஷா அல்லாஹ் சுகமாகி வந்துருவார்" என்றார் அவருடைய நானா. சில மாதங்களில் சம்பளம் நின்றது. பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அறிவிக்காமல் கடமைக்கு வராததால் அவர் பதவியை வறிதாக்கியதாகக் கருதப்படுகிறார் என்று அதில் இருந்தது.

இந்தக் கடிதத்தின் பாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தாபன விதிக்கோவையின்படி, முறையான லீவு இல்லாமல் கடமைக்கு வராதவரைப் பதவியை விட்டுச் சென்றவராகக் கருத முடியும். அப்படி விட்டுச் சென்றவருக்கு ஓய்வூதியம் இல்லை. இராஜினாமா செய்தவருக்கும் அதே நிலைதான். படுக்கையில் கிடக்கும் மனிதரும், சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போனவரும் காகிதத்தில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். இருவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரு மருத்துவச் சான்றிதழும் ஒரு கடிதமும்தான். எந்த அதிகாரியையும் நான் குறை சொல்லவில்லை. கோவையில் இல்லாத நோயை அதிகாரி எப்படி அறிவார்?

அந்தக் கடிதம் வந்த பிறகுதான் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் உதவியோடு நாங்கள் ஓடத் தொடங்கினோம். வைத்தியசாலையின் டயக்னோசிஸ் காட், ஸ்கேன் அறிக்கைகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் சேர்த்து, நோயின் காரணமாகவே வர முடியவில்லை என்று மேன்முறையீடு செய்தோம். பல தடவை போய் வந்த பிறகு அந்த அறிவித்தல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர் அவர் மருத்துவச் சபைக்கு அனுப்பப்பட்டார். சேவைக்குத் தகுதியற்றவர் எனச் சபை அறிக்கையிட, மருத்துவக் காரணத்தால் ஓய்வு கிடைத்தது. இவை எல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு வருடங்கள். அதற்கிடையில் மனைவியின் நகைகள் போயின. ஊர்ப் பள்ளிவாசலின் பைத்துல்மால்தான் அரிசிக்கும் மருந்துக்கும் கைகொடுத்தது.

முதல் வாரத்திலேயே ஒரு கடிதம் போயிருந்தால் இதில் பெரும்பகுதி நடந்திருக்காது.

மருத்துவக் காரணத்தால் ஓய்வு என்றால் என்ன?

சாதாரணமாக அரச ஊழியர் 60 வயதில் ஓய்வுபெறுகிறார். அதற்கு முன்பே உடல் அல்லது மனநோயால் கடமை செய்ய முடியாமல் போனால், மருத்துவச் சபையின் சிபாரிசின் பேரில் அவரை ஓய்வுபெறச் செய்யலாம். இங்கே கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, பத்து வருடக் கணக்கு. ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது பத்து வருடம், அதாவது 120 மாத சேவை தேவை. அதற்குக் குறைவாக இருந்தால் மாதாந்த ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை மட்டுமே. ஒன்பதரை வருடத்தில் நோயுற்ற ஒருவர் அவசரப்பட்டு ஓய்வு கேட்டால் எவ்வளவு இழப்பார் என்று யோசித்துப் பாருங்கள். லீவு விதிகளுக்குள் அந்த ஆறு மாதத்தைக் கடக்க வழி இருக்கிறதா என்பதை விடயம் தெரிந்தவரிடம் கேட்காமல் எந்தப் படிவத்திலும் கையொப்பமிடக் கூடாது.

இரண்டாவது, தொகை. சேவைக் காலத்தையும் கடைசிச் சம்பளத்தையும் கொண்டுதான் ஓய்வூதியம் கணிக்கப்படுகிறது. 30 வருடம் பூர்த்தி செய்தவருக்குக் கிடைப்பது 17 வருடம் செய்தவருக்குக் கிடைக்காது. இது குறைதான். ஆனாலும் சாகும்வரை வரும் வருமானம். அவருக்குப் பின் குடும்பத்துக்குத் தொடரும் வருமானம்.

மூன்றாவது, யாரிடம் விண்ணப்பிப்பது என்பது. மாகாணப் பாடசாலை ஆசிரியரின் சுயவிபரக் கோவை அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணத்துக்கும் போகும். எமது மாவட்டத்தில் மாத்தளை, கலேவலை, நாவுல, வில்கமுவ என்று நான்கு வலயங்கள். தேசிய பாடசாலை ஆசிரியர் கல்வி அமைச்சின் கீழ் வருவார். ஒரே ஊரில், ஒரே வீதியில் இருக்கும் இரண்டு பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு வழி வேறு வேறு. 'அவருக்கு அங்கே கொடுத்து முடிந்தது' என்று கேட்டு, அதே அலுவலகத்துக்குப் போய் அலைவதால்தான் பல மாதங்கள் வீணாகின்றன.

நான்காவது, எல்லா இயலாமையும் ஓய்வில் முடிய வேண்டும் என்றில்லை. கண்பார்வை இல்லாத ஆசிரியர்கள் இந்த நாட்டின் அரச பாடசாலைகளில் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள். கால் இழந்தவருக்கு மாடி ஏறுவதுதான் பிரச்சினை, பாடம் நடத்துவதல்ல. கீழ்த்தள வகுப்பறை, வீட்டுக்கு அருகில் உள்ள பாடசாலைக்கு இடமாற்றம், இலகுவான கடமை ஆகியவற்றைக் கேட்டுப் பார்த்த பின்னரே ஓய்வைப் பற்றி யோசிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டித் தொழிலில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. நாற்பது வயதில் சம்பளத்தோடு பணியாற்றுவது, நாற்பது வயதில் குறைந்த ஓய்வூதியத்தோடு வீட்டில் இருப்பதைவிட மேல்.

ஐந்தாவது, கடமையின்போது வந்த காயம். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் கட்டும்போது விழுவது, விஞ்ஞான ஆய்வுகூடத்தில் தீப்பற்றுவது போன்றவை வீட்டில் வந்த நோயைப் போன்றவை அல்ல. கடமை காரணமான விபத்துக்குத் தாபன விதிக்கோவையில் விசேட லீவு உண்டு. நட்டஈடு தொடர்பாக 1993ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையும் அதன் திருத்தங்களும் உள்ளன. ஆனால் விபத்து நடந்த அன்றே பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, 'அன்றைக்கு விழுந்தேன்தானே' என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அக்ரஹார காப்புறுதியிலும் விபத்தால் ஏற்படும் இயலாமைக்குக் கொடுப்பனவு உண்டு. கண் ஒப்பரேஷனுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் மட்டும்தான் அக்ரஹார என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

டீச்சரின் மகன்

இனி இரண்டாவது வழி. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு டீச்சர் 2023இல் வபாத்தானார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். கணவர் அவருக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். நான்கு பிள்ளைகளில் மூத்த மகனுக்கு அப்போது 41 வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சு வராது, புத்தி வளர்ச்சியும் குறைவு. ஊரிலே பாதிப் பேருக்கு அப்படி ஒரு மகன் இருப்பதே தெரியாது. விருந்தாளி வந்தால் உள்ளறைக்கு அனுப்பிவிடுவார்கள். தங்கைமாரின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற பயம் ஒன்று. ஜின் பார்வை என்று தண்ணீர் ஓதியதிலும் இசும் கட்டியதிலும் போன வருடங்கள் சில. அவன் பாடசாலைக்குப் போகவில்லை. கிளினிக் போகவில்லை. அடையாள அட்டை கூட முப்பது வயதுக்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

தாயின் ஓய்வூதியம் அவருடைய மௌத்தோடு நின்றது. மகனைப் பொறுப்பெடுத்த தங்கை என்னிடம் வந்தார். "சேர், உம்மாட பென்ஷன் நானாவுக்குக் கிடைக்குமாமே, உண்மையா?" என்று கேட்டார்.

உண்மைதான். விதவைகள், தபுதாரர்கள், அநாதைகள் ஓய்வூதியத்தின்படி, பங்களிப்புச் செய்த ஊழியர் இறந்தால் பொதுவாக முதலில் துணைவருக்கு ஓய்வூதியம் போகும். துணைவரும் இல்லாதபோது பிள்ளைகளுக்கு. சாதாரணப் பிள்ளைகளுக்கு வயதெல்லை உண்டு. முன்பு 21 ஆக இருந்தது, இப்போது 26. ஆனால் உடல் அல்லது மன இயலாமையால் தானாக உழைத்து வாழ முடியாத பிள்ளைக்கு அந்த எல்லையோடு முடிவதில்லை. ஆயுள் முழுவதும் கிடைக்கும். பெற்றோர் இருவரும் போன பிறகு அப்படிப்பட்ட பிள்ளைக்கு இதைவிட உறுதியான துணை வேறில்லை. சகோதரர்களின் அன்பு பெரியதுதான். அவர்களுக்கும் குடும்பம் உண்டு, கடன் உண்டு. தன் பெயரில் மாதாமாதம் பணம் வரும் ஒரு மனிதனை வீட்டில் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாக மதிப்பார்கள். இது கசப்பானது, ஆனால் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் உண்மை.

இங்கேதான் சிக்கல் வருகிறது. இன்று அவன் இயலாதவன் என்று மருத்துவச் சபை ஒரு பார்வையில் சொல்லிவிடும். அந்த இயலாமை வயதெல்லையைத் தாண்டுவதற்கு முன்பே இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? 41 வயதான ஒருவனைக் கொண்டுபோய், 'இவன் பிறவியிலேயே இப்படி' என்று சொன்னால், அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? பாடசாலை அனுமதிப் பதிவேட்டில் பெயர் இல்லை. வைத்தியசாலைக் கொப்பி இல்லை. சமூக சேவை உத்தியோகத்தரின் பதிவேட்டிலும் பெயர் இல்லை. நாற்பது வருடங்களாக அவனை ஊரின் கண்ணிலிருந்து மறைத்தோம். அப்போது அரசாங்கத்தின் கண்ணிலிருந்தும் சேர்த்தே மறைத்துவிட்டோம்.

அந்தத் தங்கை தாயின் தகரப் பெட்டியைக் கிளறியபோது, சேலைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் நிறமான தாள் கிடைத்தது. 1988இல் கண்டியில் எடுத்த காது பரிசோதனை அறிக்கை. அப்போது அவனுக்கு ஆறு வயது. ஒரே ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல், அந்தத் தாய் மகனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஒரு தாளை வைத்துத்தான் இப்போது கோவை நகர்கிறது. இன்னும் முடிவு வரவில்லை. துஆ செய்கிறோம்.

அந்தத் தாளும் கறையானுக்குப் போயிருந்தால்?

எமது சமூகத்துக்கு உரிய சில இடறல்கள்

இந்தக் கோவைகளோடு அலைந்தபோது, எமது சமூகத்தவரின் கோவைகளே அதிகம் தட்டுப்படும் சில இடங்களைக் கண்டேன்.

விவாகப் பதிவு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாமல் போய்விடாது. இதை நம்பிப் பழைய தலைமுறையில் சிலர் பதிவு செய்யாமலே விட்டார்கள். மார்க்கப்படி குறையில்லை, சட்டப்படியும் நிக்காஹ் நிக்காஹ்தான். ஆனால் ஓய்வூதியக் கோவை கேட்பது விவாகச் சான்றிதழை. அது இல்லாதபோது மனைவி என்பதையும் பிள்ளை என்பதையும் நிரூபிக்கும் சுமை முழுவதும் அந்த விதவையின் தலையில் விழுகிறது.

பெயர். பிறப்புச் சான்றிதழில் 'மொஹமட்', அடையாள அட்டையில் 'முஹம்மது', பாடசாலைப் பதிவில் 'முகம்மது'. வாப்பாவின் பெயர் முன்னெழுத்தில் ஒரு இடத்தில் ஒன்று, மற்ற இடத்தில் இரண்டு. நமக்கு எல்லாம் ஒரே ஆள். கோவைக்கு அது மூன்று பேர். சத்தியக் கடதாசியால் சரிசெய்யலாம். பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்போது செய்வது ஒரு நாள் வேலை. மௌத்தான பிறகு ஒரு வருட வேலை.

வளர்ப்புப் பிள்ளை. உறவில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பது எம்மிடம் வழமை. மார்க்கம் வம்சத்தை மாற்றுவதை அனுமதிக்காததால் நீதிமன்றம் போய்த் தத்தெடுப்பதில்லை. அது சரியே. ஆனால் அப்படி வளர்க்கும் பிள்ளை ஓய்வூதியக் கோவைக்குள் பிள்ளையாக வராது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இயலாத பிள்ளையை அப்படி வளர்ப்பவர்கள் ஹிபா, வஸிய்யத் போன்ற வழிகளில் உயிரோடு இருக்கும்போதே ஏற்பாடு செய்வது நல்லது.

வெட்கம். மேலே சொன்ன மூன்றையும்விடப் பெரிய தடை இதுதான். பிள்ளையை மாற்றுத்திறனாளி என்று பதிவு செய்வது குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைக்கிறோம். பகிடி என்னவென்றால், அதே குடும்பம் பிள்ளையின் பெயரில் ஸதகா வந்தால் வாங்கிக்கொள்கிறது. ஸதகா தருபவரின் மனதைப் பொறுத்தது. ஓய்வூதியமோ தாயோ தகப்பனோ முப்பது வருடம் சம்பளத்தில் கழித்துக் கட்டியதன் பலன். அது பிச்சை அல்ல. வாங்க வெட்கப்பட எதுவுமில்லை.

சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் கடனைப் பற்றிப் பேசுகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கூறும் அந்த வசனம், தானாகச் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லி எழுத வைக்கட்டும் என்றும் கூறுகிறது. குர்ஆனின் மிக நீளமான வசனம் எழுதி வைப்பதைப் பற்றியது. பேச இயலாத பிள்ளைக்காக எழுதி வைக்க நமக்கு இதைவிட வேறு என்ன சொல்லப்பட வேண்டும்?

அரச தொழிலில் இல்லாதவர்களுக்கு

வாசகர்களில் பலர் கடைகளிலும் தனியார் நிறுவனங்களிலும் தோட்டங்களிலும் தொழில் செய்பவர்கள். அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதியமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் உண்டு. சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து 3 வீதமும் செலுத்தப்பட வேண்டும். சேமலாப நிதியைப் பெற ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது என்பது எல்லோருக்கும் தெரியும். நிரந்தரமாக முழு இயலாமைக்கு ஆளானவர் அந்த வயது வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவச் சான்றோடு முன்பே கோரலாம். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் நிரந்தர இயலாமைக்கு ஒரு கொடுப்பனவு இருக்கிறது.

உங்கள் முதலாளி உங்கள் பெயரில் உண்மையிலேயே பணம் கட்டுகிறாரா என்பதை உடம்பில் தெம்பு இருக்கும்போதே கேட்டுப் பாருங்கள். 'நம்மட ஆள்தானே, கேட்டா ஒரு மாதிரி' என்று விட்டுவிட்டால், விழுந்த பிறகு கேட்கும் தெம்பும் இருக்காது. முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. இது தொழிலாளியின் ஹக்கு. ஸகாத் கொடுக்கும்போது அதே தொழிலாளிக்கு ஒரு சேலை கொடுத்து இதை ஈடுசெய்ய முடியாது.

இந்த மாதமே செய்யக்கூடியவை

வீட்டுக்கு ஒரு கோவை வையுங்கள். நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், விவாகச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்பது துணைவருக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். போட்டோ எடுத்து போனிலும் ஒரு பிரதி வையுங்கள். மண்சரிவும் வெள்ளமும் தெரிந்த மாவட்டம் இது.

இயலாத பிள்ளை இருந்தால், எந்த வயதாக இருந்தாலும் சரி, அரச வைத்தியசாலைக் கிளினிக் ஒன்றில் பதிந்து கொப்பி ஒன்றை உண்டாக்குங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெயரைப் பதியுங்கள். பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் சேருங்கள். அவன் ஒரு எழுத்தும் படிக்காவிட்டாலும் அந்தப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி முப்பது வருடம் கழித்து அவனுக்குச் சோறு போடலாம். ஓய்வுபெறும்போது நிரப்பும் படிவங்களில் அந்தப் பிள்ளையின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

சக ஆசிரியர் ஒருவர் விழுந்தால், போய்ப் பார்க்கும்போது ஹோர்லிக்ஸோடு ஒரு வெள்ளைத் தாளும் கொண்டு போங்கள். அதிபருக்குக் கடிதம் எழுதுங்கள், மருத்துவச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டை வையுங்கள். இராஜினாமாக் கடிதம் எழுத எவரையும் விடாதீர்கள்.

ஓய்வூதியம் பெறுபவர் படுக்கையில் இருந்தால், வருடத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை மறக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். சந்தேகம் இருந்தால் ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகங்களிலும் ஓய்வூதியப் பிரிவு இருக்கிறது.

இயலாத சகோதரனின் ஓய்வூதியத்தைப் பொறுப்பெடுத்து வாங்குபவர்களுக்கும் ஒன்று. அது அமானிதம். அவனுடைய சாப்பாடு, மருந்து, உடுப்புக்கு உரிய பணம். அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பது பற்றி சூரத்துன் நிஸாவில் உள்ள எச்சரிக்கை நாம் எல்லோரும் அறிந்ததே.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு கோரிக்கை. ஊரில் எத்தனை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கிராம உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்! மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணித்தியாலம், பள்ளிவாசல் வளவில் மேசை ஒன்று போட்டு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கலாம். பைத்துல்மாலில் இருந்து ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் கொடுப்பது நல்லது. அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி உரிய பணத்தைப் பெற்றுக் கொடுத்துவிட்டால் பைத்துல்மாலின் பணம் வேறு ஒரு ஏழைக்குப் போகும்.

அந்தக் கணித சேர் இப்போது இடது கையால் எழுதப் பழகிவிட்டார். மஃரிபுக்குப் பின் அயல் பிள்ளைகள் சிலர் அவரிடம் கணக்குக் கேட்க வருகிறார்கள். போன ரமழானில் அவரைப் பார்க்கப் போனபோது, மருத்துவச் சபைக்குப் போக வேண்டிய வேறொரு ஆசிரியருக்காக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் திகதி, இலக்கம், இணைப்புகளின் பட்டியல் எல்லாம் சரியாக இருந்தன.